நாலு பேருக்குக் கட்டிய ஒரு ஆள் சாப்பாடு

இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். "வே அருளப்பா, ஒரு நாள் மத்தியானக் கூட்டத்துல நூலைப் பிடிச்ச கையோட அப்படியே உக்காந்துருவீரு, பாத்துக்கிடும்" என்று பார்சல் மேடைக்கு முன்னால் நின்று பத்துப் பேர் கேட்கச் சொன்னவன் நான். அவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "உக்காந்தா நல்லதுதான அண்ணாச்சி. முப்பது வருசமா நின்னுக்கிட்டே இருக்கேன்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் கூட்டம் குறையட்டும், போகிறேன் என்றார். எந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் கூட்டம் குறைந்திருக்கிறது?

போன மாதம் ஒரு புதன்கிழமை மதியம் ஒரு மணி இருக்கும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஓட்டல் கல்லாவில் உட்காரும் தம்பி போன் செய்தான். "பெரியப்பா, பார்சல் அண்ணாச்சி போயிட்டாவ" என்றான். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு, "அரிசி மூட்டை மேல உக்காந்தாவ. நூலு கையிலயே இருந்துச்சு" என்றான். நான் அடுப்பை அணைத்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பற்ற வைத்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கிறார்கள். அதில் நான் எழுத வேண்டும் என்று அவர் மனைவி ஞானம்மாள் ஆள் அனுப்பினார். நான் ஏழாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஆனால் மிளகாய் மண்டியில் நாற்பது வருடம் தரகு பார்த்தவன். வத்தலை ஒடித்துக் காதருகே வைத்துக் கேட்டே அது விளாத்திகுளத்துக் கரிசலில் காய்ந்ததா வேறு மண்ணில் காய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். என் வாய்க்கு அஞ்சித் தராசு முள் அசையாமல் நின்ற நாட்கள் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு நாலு பக்கம் எழுதுவது ஒரு காரியமா? மூன்று நாளாக எழுதுகிறேன்.

அருளப்பனை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில், வாசலை ஒட்டிய மேடையில் நின்று சாப்பாட்டுப் பார்சல் கட்டுவார். குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவரின் மகன். அவர் கட்டிய சாம்பார்ப் பொட்டலத்தை மாடியிலிருந்து போட்டாலும் உடையாது. நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். மாடி என்பது நாலு படிதான் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் அன்றைக்கு அங்கே இல்லை.

ஊரில் பல வீட்டு ஆட்களை அவர் முகத்தால் அறிந்ததில்லை, பொட்டலத்தால் அறிவார். ஒரு வீட்டுக்கு ரசம் கூடுதலாகக் கேட்டால் அங்கே காய்ச்சல். காரம் வேண்டாம் என்றால் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இரண்டு சாப்பாடு ஐந்தானால் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் யாரிடமும் கேட்க மாட்டார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். அந்தக் கண்ணில்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி இறந்த பிறகு மகன், மருமகள், பேரன், நான் என்று வீட்டில் நாலு பேர். மருமகள் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனதால் மதியச் சாப்பாடு பார்சல்தான். நாலு பேருக்கு வாங்கி ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு மெயின் பஜார் வழியாக நடந்து வருவேன். தைப்பொங்கல் முடிந்ததும் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு. சண்டை கிடையாது. என்னையும் கூப்பிட்டான். நான் போனால் மண்டி என்ன ஆகும் என்று கேட்டேன். மண்டியில் அப்போது என்னைத் தேடுகிறவர்கள் யாரும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அவன் சொல்லவில்லை.

அவர்கள் போன மறுநாள் ஓட்டலுக்குப் போனேன். ஒரு சாப்பாடு என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் மண்டிக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். "வழக்கம்போல, நாலு பேருக்கு" என்றேன். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு பொட்டலத்தை மதியம் சாப்பிடுவேன், ஒன்றை ராத்திரிக்கு. மிச்சம் தெரு நாய்களுக்கு. பன்னிரண்டரை மணிக்கு எங்கள் தெரு நாய்கள் கல்யாணப் பந்திபோல் வரிசையாக உட்கார்ந்து காத்திருக்கும். வெளியூர் நாய்கள்கூட பஸ் ஏறி வந்ததாகப் பேச்சு. சேமிப்பு கரைந்தது. என் மோதிரம் வங்கிக்கு அடகு போனது. மகன் போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "நாலு பேரு சாப்பாடு சாப்பிட்டேம்லே" என்பேன். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு முடிந்ததும் போனை வைத்துவிடுவான். பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்தது மின்விசிறி மட்டும்தான்.

ஆடி மாதக் காற்றில் பஜாரெல்லாம் கரிசல் புழுதி பறந்த ஒரு நாள், அருளப்பன் கொடுத்த பார்சல் பார்க்கப் பெரிதாக இருந்தது. தூக்கினால் எடை இல்லை.

"என்னவே இது, நாலு பேருக்குல்லா சொன்னேன்."

"மெதுவா பேசுங்க அண்ணாச்சி. நாலு பேரு பொதிதான், பாக்குறவங்களுக்கு."

"உள்ள?"

"உள்ள ஒரு ஆளு சாப்பாடு. மிச்சம் வாழைச்சருகும் பேப்பரும். சீட்டுலயும் ஒண்ணுதான் போட்டிருக்கேன். கல்லாவுல இருக்க தம்பி வாயத் தொறக்க மாட்டான்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "யாருவே சொன்னா உமக்கு?"

"அப்பளம் சொல்லிச்சு" என்றார். கை நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தது. "பேரனுக்குன்னு ஒரு அப்பளம் கூடக் கேப்பீங்க. பொங்கலுக்கு அப்புறம் கேக்கலை. ஒரு நாளு மறக்கலாம், ரெண்டு நாளு மறக்கலாம். ஏழு மாசமா ஒரு தாத்தா மறப்பாரா?"

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கடைசிப் பேச்சு என்னுடையதாக இல்லாமல் நான் ஒரு இடத்தை விட்டுப் போனது அன்று ஒரு தடவைதான்.

இப்படி ஒரு மாதம் சருகும் பேப்பரும் சுமந்தேன். பஜாரில் பார்த்தவர்கள், "என்ன அண்ணாச்சி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார்கள். கூடையைச் சற்று உயர்த்திக் காட்டுவேன். பிறகு ஒரு நாள் அருளப்பன் கேட்டார், "இந்தச் சருகை வைக்கிற எடத்துல அரிசியை வச்சா என்ன?"

"அரிசிய வச்சு?"

"வீட்ல போயிப் பொங்குங்க."

"ஓட்டல்ல சம்பளம் வாங்கிக்கிட்டு வீட்ல பொங்கச் சொல்லுதீரே, மொதலாளி கேட்டா என்ன ஆகும்?"

"மொதலாளி கடைக்கு ஊரே வருது. நீங்க ஒரு ஆளு போனா கட முங்கிராது. ஆனா உங்க மோதிரம் முங்கிருச்சுல்லா" என்றார். என் விரலையும் அவர் பார்த்திருக்கிறார்.

அன்று முதல் நான் கொடுக்கும் பணத்தில் காலையிலேயே மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, வெங்காயம், கத்தரிக்காய் என்று வாங்கி வந்து, அதைச் சாப்பாடு மாதிரியே இலையில் வைத்து, பேப்பர் சுற்றி, நூல் போட்டுக் கட்டித் தருவார். பருப்பு இருந்த பொதி அசல் சோற்றுப் பொதி போலவே இருக்கும். கோவில்பட்டியில் பார்சல் வாங்கிப்போய்ப் பிரித்து, கழுவி, அடுப்பில் வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடை இலையும் கடை நூலும் சும்மா போகக் கூடாது என்பது அவர் சட்டம். அதனால் தினமும் ஒரு வடையாவது நான் காசு கொடுத்து வாங்க வேண்டும். "கடை ஆளு கடைக்குத் துரோகம் நெனைக்கக் கூடாது" என்பார். அந்த வடையை நடந்து வரும்போதே தின்றுவிடுவேன்.

சமையலை நான் மூன்றே நாளில் கற்றுக்கொண்டேன். முதல் நாள் மட்டும் கொஞ்சம் பிசகு. நாற்பது வருடம் மிளகாயோடு புழங்கியவன் என்ற தைரியத்தில் ஒரு ஆள் குழம்புக்கு ஒன்பது வத்தலைக் கிள்ளிப் போட்டு வதக்கினேன். எங்கள் வளவில் இருந்த ஆறு வீட்டுக்காரர்களும் இருமிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். ரயில்வே கேட் வரைக்கும் நெடி போனதாகக் கேள்வி. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மருமவளுக்கு யாருங்க சமையல் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். புதுசு, பழகிக்கொள்வாள் என்று சொல்லிவிட்டேன்.

ஓட்டலில் மதியக் கூட்டம் ஓய்ந்ததும், மூன்றரை மணிக்கு அருளப்பன் சைக்கிளில் வருவார். சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து, ஞானம்மாள் கொடுத்துவிட்ட தூக்குச்சட்டியைத் திறப்பார். கம்பஞ்சோறோ குதிரைவாலியோ இருக்கும், கூடவே ஏதாவது கருவாடு. ஓட்டல் சாப்பாட்டை அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "அதுல கொற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஆனா ஆயிரம் பேருக்குப் பொங்குனது. இது எனக்குப் பொங்குனது" என்றார்.

தன் சோற்றைத் தின்றுகொண்டே என் சமையலை மேற்பார்வை பார்ப்பார். "உப்பக் கடைசில போடுங்க. கொஞ்சமாப் போடுங்க. நீங்க பேசுத மாதிரி அள்ளிப் போட்டுராதீங்க." அரிசி அளப்பதற்கு நான் டம்ளரைத் தேடிய அன்று என் கையைப் பிடித்து அரிசிக்குள் விட்டார். "ஒரு ஆளுக்கு ரெண்டு பிடி. மூணாவது பிடி போடணும்னா யாரு வாராகன்னு தெரிஞ்சிருக்கணும்." இன்னொரு நாள், சாப்பிடவே மனமில்லை, ஒரு ஆளுக்காக எதற்கு அடுப்பு என்று நான் சொன்னபோது, "அடுப்பு எரிஞ்சா வீட்ல ஒரு ஆளு இருக்க மாதிரில்லா இருக்கு. பத்த வைங்க" என்றார். அவர் எழுந்து போன பிறகு பல நாள் காரணமில்லாமல் வெந்நீர் போட்டிருக்கிறேன்.

ஆறு மாதத்தில் மோதிரம் விரலுக்குத் திரும்பியது. மகன் மீட்டுக் கொடுத்தான் என்று மண்டியில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. என் புளிக்குழம்பு அப்போது உச்சத்தில் இருந்தது. தெருவில் போகிறவர்கள் நடையைக் குறைத்துப் போனார்கள். ஆனால் அதை ருசி பார்க்க என்னைத் தவிர வேறு நாக்கு இல்லை. அருளப்பனுக்கு ஒரு கரண்டி நீட்டினால் தூக்குச்சட்டியைக் கையால் மூடிக்கொள்வார்.

"ஏன்வே, எங் கையால சாப்பிட மாட்டீரா?"

"சாப்பிடுவேன். ஒளிச்சு வச்சுப் பொங்குன சோறு வேண்டாம். நீங்க எம் மேடைக்கு முன்னால வெறுங்கூடைய வீசிக்கிட்டு நடந்து மார்க்கெட்டுக்குப் போயி, நாலு பேரு பாக்கக் கீரையும் கத்தரிக்காயும் வாங்குங்க. யாராவது கேட்டா, நான் ஒரு ஆளுதான், வீட்ல பொங்கிக்கிடுதேன்னு சொல்லுங்க. அன்னைக்கு ரெண்டு தட்டு எடுத்து வைங்க. வாரேன்."

"அவ்வளவுதான? அடுத்த ஞாயித்துக்கிழமை" என்றேன். எத்தனை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை.

அவர் இறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. உங்களில் பலரும் கல்லறைத் தோட்டத்தில் நான் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெறுங்கூடையோடு பஜாரில் நடந்தேன். யார் யாரோ கேட்டார்கள், எல்லோருக்கும் உண்மையைச் சொன்னேன். பார்சல் மேடையில் நின்ற அருளப்பன் நூல் உருண்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்றரைக்கு வந்தார். நிலைப்படியில் உட்காரவில்லை, உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குதிரைவாலிச் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். இரண்டு தடவை சோறு வாங்கினார். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அண்ணாச்சி, உப்பு சரியா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது மாவட்ட ஆட்சியர் கையால் கேடயம் வாங்குவதைவிடப் பெரிது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஞானம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அழுது முடித்த முகம்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை தூக்குச்சட்டி வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாவ. இன்னைக்கு அண்ணாச்சி வீட்ல சாப்பாடுன்னு அவ்வளவு சந்தோசமாப் போனாவ. ராத்திரி வந்தப்போ நான் தூங்கிட்டேன், கேக்கலை. மறுநாளு கேக்கணும்னு இருந்து மறந்துட்டேன். நல்லா சாப்பிட்டாவளா?"

"ரெண்டு தடவ சோறு வாங்குனாருமா" என்றேன்.

அவர் முகத்தில் அப்போது வந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. "எனக்கு அது போதும்" என்றார். இந்தப் புத்தகத்துக்கு எழுதச் சொல்லி அனுப்பியபோதும், அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் கட்டாயம் எழுத வேண்டும் என்றுதான் சொல்லி அனுப்பினார்.

அருளப்பனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது என்ன என்று யோசித்தேன். பொருள் ஒன்றும் இல்லை. இப்போது மார்க்கெட்டுக்கு நானே போகிறேன். கேட்கிறவர்களிடம் ஒரு ஆளுதான் என்று சொல்கிறேன். முதல் தடவை சொன்னபோது யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். கீரைக்காரம்மாள் சின்னக் கட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். இதற்காகவா ஒரு வருடத்துக்கு மேல் நாலு பேர் பொதி சுமந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அரிசிக்குள் கையை விட்டால் இரண்டு பிடியோடு கை தானாக நின்றுகொள்கிறது. அவர் கொடுத்துவிட்டுப் போனது இந்தக் கைதான். அளவாகப் பேசவும் கற்றுக் கொடுத்திருக்கலாம். அதற்கு அவருக்கு நேரம் போதவில்லை.

இதோடு முடித்துப் பேப்பரை மடித்துவிட்டேன். பிறகு மறுபடி பிரித்தேன். என் வழக்கப்படி இதில் பலதும் கூட்டித்தான் எழுதியிருக்கிறேன். நாய்கள் பஸ் ஏறவில்லை, நெடி ரயில்வே கேட் வரை போகவில்லை, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது. ஞானம்மாளுக்கும் தெரியாது. பூசைக்கு வந்த இடத்தில் அவர் இதை அச்சில் படிக்கும்படி விடக் கூடாது. இந்தக் காகிதத்தை முதலில் அவர் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும் வரை எதிரே நிற்கப் போகிறேன். அச்சுக்குக் கொடுப்பதும் கிழிப்பதும் அவர் இஷ்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வெறுங்கூடையோடு வீட்டிலிருந்து கிளம்பியது நிஜம். ஓட்டல் வாசல் வரைக்கும் வந்ததும் நிஜம். அருளப்பன் என்னைப் பார்த்துவிட்டு நூலைக் கீழே வைத்தார். அந்நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் மண்டிக்காரர்கள் மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவர், "என்ன அண்ணாச்சி, கூடை காலியா இருக்கு? வீட்ல யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்காங்கல்லா" என்றேன். அருளப்பன் பக்கம் திரும்பி, "வழக்கம்போல, நாலு பேருக்கு" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு நூலை எடுத்து, நாலு பேர் பொதியாகக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் பிரித்துப் பார்த்தேன். முழுவதும் சருகும் பேப்பரும்தான். மூன்றரைக்கு அவர் வரவில்லை. நான் வெட்கப்பட்டுக்கொண்டு திங்களும் செவ்வாயும் அந்தப் பக்கமே போகவில்லை. புதன் சாயங்காலம் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன்.

ஞானம்மா, அவர் என் வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவர் எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது.